கண்ணாடி வெச்ச ஸ்டிக்

சரிதா செய்த ஒரே தப்பு, அதைக் கண்ணாடி என்று சொன்னதுதான். பிளாஸ்டிக் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பதினோரு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் வாயில் வேறென்ன வரும்? புதுச்சேரி கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில் இருக்கிற கடை அது. பஸ்ஸை விட்டு இறங்கி, டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு, சீட்டும் கையுமாக வருகிற ஜனங்களுக்கு மூக்குக்கண்ணாடி பூட்டிக் கொடுக்கிறவள் அவள்தான். அங்கே ஃபிரேமும் கண்ணாடி, லென்ஸும் கண்ணாடி, புது ஃபிரேமில் அழகுக்கு மாட்டி வருகிற பவர் இல்லாத பிளாஸ்டிக் வில்லையும் கண்ணாடி. கண்ணாடி கண்ணாடியாக இருந்தாக வேண்டும் என்று அந்தக் கடையில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் அவள் எட்டுப்பந்து பில்லியர்ட்ஸ் ஆடப் போவாள். உழவர்கரையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் வேம்பு என்கிற அம்மாள் நடத்துகிற கிளப் அது. பச்சைத் துணி விரித்த மேசைகள் நாலு, ஏசி ரெண்டு, அதில் ஒன்று ஓடும். பிள்ளைச்சாவடியில் மீன் கூடை தூக்குகிற அம்மா சின்னப்பொண்ணுவுக்கு இந்த ஆட்டம் பிடிபடவே இல்லை. முப்பத்துமூணு வயசில் பெண் கோலி விளையாடப் போகிறாள் என்றுதான் கடற்கரையில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரிய கோலிம்மா அது, குச்சியால அடிக்கணும்," என்று சரிதாவும் விட்டுவிட்டாள்.

கிளப்பில் குச்சியைக் குச்சி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஸ்டிக் என்று சொல்ல வேண்டும். ஸ்டிக்கின் முனையில் வெள்ளையாக ஒரு பூண் இருக்கும். அதன் மேல் சட்டைப் பித்தான் அகலத்துக்கு ஒரு தோல் துண்டு ஒட்டியிருக்கும். அதுதான் டிப். வெள்ளைப் பந்தைத் தொடுவது அந்தத் தோல் மட்டும்தான். மீதி ஸ்டிக் முழுக்க ஆடுகிறவனின் பெருமைக்கு.

போன வருஷம் அந்தத் தோல்தான் அவளைக் கவிழ்த்தது. புதுச்சேரி அணியில் நாலு இடம் நிரம்பி, ஐந்தாவது இடத்துக்கு அவளும் சந்திரமோகனும் மோதினார்கள். சந்திரமோகன் நெல்லித்தோப்பில் ஃபேன், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், நிதானமாக ஆடுகிறவர். ஐந்து ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்கு இடம். நாலுக்கு நாலு வந்து, கடைசி ஆட்டத்தில் மேசை மேல் எட்டு எண் போட்ட கறுப்புப் பந்து மட்டும் நின்றது. ஆளுக்கு ஏழு பந்தை இறக்கிவிட்டு, கடைசியாக அதைக் குழியில் தள்ளுகிறவருக்கு ஆட்டம். சரிதா ஓங்கி அடித்தாள். டிப் பிய்த்துக்கொண்டு பறந்து போய் மூலைக் குழியில் விழுந்தது. எட்டு இருந்த இடத்தில் இருந்தது.

கிளப்பே சிரித்தது. "பந்து போவலன்னா இன்னா, டிப்பு போச்சே," என்று யாரோ சொன்னார்கள். அடுத்த அடியில் சந்திரமோகன் எட்டைத் தள்ளி இடத்தை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து சரிதாவுக்கு ராக்கெட் என்று பெயர். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள். பிள்ளைச்சாவடி போகிற வரைக்கும் ஹெல்மெட்டுக்குள் அழுதாள். வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது அழுகை தீர்ந்து, ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அடுத்த வருஷமும் அதே இடத்துக்கு நிற்பாள். டிப் பறக்காது.

கைவேலை தெரிந்தவள் அவள், சாமிக்கு வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்டிக்கைக் கடைக்கு எடுத்துப்போய், லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். வெள்ளைப் பூணின் மேல்விளிம்பு தேய்ந்து குழிந்திருந்தது. தோல் நடுவில் மட்டும் ஒட்டி, ஓரமெல்லாம் காற்றில் நின்றிருக்கிறது. தோலுக்கும் பூணுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு அட்டை வைத்தால் ரெண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கும். அதற்கென்றே நார் அட்டை விற்கிறார்கள். சென்னையிலிருந்து வரவழைத்து ஒட்டினாள். பிள்ளைச்சாவடி உப்புக் காற்றில் மூன்றே வாரத்தில் அது நமுத்த பிஸ்கட் மாதிரி ஊதிவிட்டது.

அப்போதுதான் குப்பைக் கூடை கண்ணில் பட்டது. புது ஃபிரேமிலிருந்து கழற்றிப் போட்ட பிளாஸ்டிக் வில்லைகள் அதில் நிறையக் கிடந்தன. தண்ணீர் குடிக்காத சாதி. பித்தான் அளவுக்கு வட்டம் கீறி வெட்டினாள், ராவினாள், ஒட்டி அடித்துப் பார்த்தாள். சிலது நாலாவது அடியிலேயே கீறல் விட்டது. வெட்டும் முன்னால் வளைத்துப் பார்க்க வேண்டும் என்று பிறகு கண்டுகொண்டாள். வளைந்து கொடுத்தால் வேலைக்கு ஆகும், உடைந்தால் கூடைக்கே திரும்பிப் போகலாம்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தாள், அதில்தான் அவளுக்குப் பெருமை. பசை பிடிப்பதற்காக வில்லையை உப்புத்தாளில் தேய்த்தால் அது வெள்ளையாக மங்கிப்போகும். பசை பட்ட இடம் மட்டும் மறுபடி தெளிந்து பளிச்சென்று ஆகும். பூணில் ஒட்டிவிட்டு மேலிருந்து பார்த்தால் போதும், எங்கே வெள்ளை தெரிகிறதோ அங்கே பசை சேரவில்லை. முழுக்கத் தெளிந்த பிறகுதான் மேல்பக்கத்தைத் தேய்த்துத் தோலை ஒட்ட வேண்டும். நார் அட்டையில் இது முடியுமா? போன வருஷம் அவள் நம்பி ஏமாந்தாள். இந்த வருஷம் கண்ணால் பார்த்துவிட்டு ஆடலாம்.

ரெண்டு மாசம் அதே டிப்பால் ஓங்கி ஓங்கி அடித்தாள், எண்ணிக்கையோடு. ஆயிரமாவது அடியிலும் அது அசையவில்லை. சந்தோஷம் தாங்காமல் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டாள்: "டிப்புக்கு அடியில கண்ணாடி வெச்சி ஒட்டிட்டேன். ராக்கெட் வுட இனிமே வேற ஆள பாத்துக்குங்க." முப்பது பேர் கை தட்டினார்கள். அந்த ஒரு வார்த்தையை எல்லாரும் படித்தார்கள், ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை.

இந்த வருஷமும் அந்த ஐந்தாவது இடம் அவளுக்கும் சந்திரமோகனுக்கும்தான் வந்து நின்றது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஆட்டம். நடுவர் ராமலிங்கம், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்தப் பட்டாளத்துக்காரர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள், நேரில் மிசே என்று கூப்பிடுவார்கள். பிரெஞ்சு தேசத்துக் குளிரில் பில்லியர்ட்ஸ் கற்றவர் என்பதால் அவருக்கு டிப் என்று வாயில் வராது, புரொசெதே என்றுதான் சொல்வார். ஒரு பந்து நூல் அளவு நகர்ந்தாலும் விட மாட்டார். லஞ்சம், சிபாரிசு, கெஞ்சல் எதுவும் அவரிடம் எடுபடாது.

போன வருஷம் மாதிரியே நாலுக்கு நாலு வந்தது. எட்டு ஆட்டத்திலும் டிப் கல் மாதிரி நின்றது. கடைசி ஆட்டத்துக்குப் பந்துகளை அடுக்கும்போது சந்திரமோகன் கை தூக்கினார்.

"மிசே, ஒரு நிமிஷம். அந்த ஸ்டிக்குல இன்னாவோ மின்னுது."

"இன்னா மின்னுது?"

"டிப்புக்கும் வெள்ளைப் பூணுக்கும் நடுவுல. கண்ணாடி. அவங்களே குரூப்புல போட்டிருந்தாங்க." போனை எடுத்து அவள் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைக் காட்டினார். சுவரில் கிளப்பின் விதிகள் ஒட்டியிருந்தன. நாலாவது விதி: ஸ்டிக்கின் நுனியில் உலோகம், கண்ணாடி ஆகியவை இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் ஆட்டம் எதிராளிக்கு. வேம்பு அக்காவே டைப் அடித்து லேமினேட் பண்ணி மாட்டியது.

சந்திரமோகனைக் கெட்டவர் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது நியாயமில்லை. வில்லை வெடித்து யார் கண்ணிலாவது தெறிக்கும் என்ற பயம் அவருக்கு இருந்தது. தோற்றுவிடுவோம் என்ற பயமும் இருந்தது. போதாததற்கு, போன வருஷம் வாங்கின இடத்தை ஊரெல்லாம் "டிப்பு குடுத்த சீட்டு" என்று கேலி பேசியதில் அவரும் நொந்துபோயிருந்தார். எந்தப் பயம் எவ்வளவு என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

சரிதாவுக்குக் காது சுட்டது. "அது கண்ணாடி இல்ல, மிசே."

"நீதானம்மா கண்ணாடின்னு எழுதியிருக்கே."

"சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்றதுதான்."

"கண்ணாடிக் கடையில வேல செய்றவங்க கண்ணாடின்னு எழுதிட்டு, அது கண்ணாடி இல்லன்னா நான் இன்னா பண்றது?" என்றார் ராமலிங்கம்.

அவள் அவரையே பார்த்தாள். கோபத்தில் ஒரு யோசனை வந்தது.

"மிசே, உங்க மூக்கு மேல இருக்கிறது இன்னாது?"

"கண்ணாடி."

"தை மாசம் நான்தான் பூட்டிக் குடுத்தேன். அதுல கண்ணாடி எங்க இருக்குது? ஃபிரேம் பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக். மூக்கு வலிக்குது, வெயிட் கம்மியா போடுன்னு நீங்கதான் கேட்டீங்க."

ராமலிங்கம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். கழற்றிய பிறகு அவருக்குக் கண் தெரியாது என்பதால் தடவித்தான் பார்க்க முடிந்தது. நகத்தால் தட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் லேசாகச் சிரித்தார்.

"சரி. கண்ணாடி போட்டிருக்கேன், ஆனா கண்ணாடி போடல. வார்த்தை தீந்துச்சு," என்று மறுபடி மாட்டிக்கொண்டார். "பொருள் தீரல. புரொசெதேவுக்கு அடியில இருக்கிறத நான் கண்ணால பாக்கணும். இல்லன்னா கிளப் ஸ்டிக்க எடுத்து ஆடு, எனக்கு ஆட்சேபணை இல்ல. அரை மணி நேரம் தர்றேன்."

கிளப் ஸ்டிக்குகள் மூலையில் சாத்தியிருந்தன. ஒன்றாவது நேராக இல்லை. வேம்பு அக்கா அதிலேயே நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து சரிதாவின் கையைப் பிடித்தாள்.

"இதுல ஆடிடுடி. அத அறுத்துட்டா அரை மணியில ஒட்டினது நிக்குமா? போன வருஷம் பட்டது போதாதா?"

சரிதா அந்த ஸ்டிக்கை மேசை மேல் வைத்து உருட்டிப் பார்த்தாள். அது கோணிக் கோணி உருண்டது. பத்து மாசம் கண்ணை நட்டு வேலை பார்த்தது இந்தக் கோணலில் ஆடித் தோற்கவா? தோற்றாலும் பரவாயில்லை, கண்ணாடி வைத்து ஏமாற்றினாள் என்ற பேச்சு அப்படியே நின்றுவிடும். ராக்கெட் என்ற பெயரையாவது சிரித்துக் கழித்துவிடலாம். திருடி என்ற பெயரை எப்படிக் கழிப்பது?

"பிளேடு குடுக்கா," என்றாள்.

பிளேடைப் பூணுக்கும் வில்லைக்கும் நடுவில் வைத்தாள். ஆயிரம் அடி தாங்கின ஒட்டு அது, லேசில் விடவில்லை. சுற்றிச் சுற்றி அறுத்தாள். டிப்பும் வில்லையும் ஒன்றாகக் கழன்று விழுந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ கழன்ற மாதிரிதான் இருந்தது. அடுத்து வில்லையிலிருந்து தோலைப் பிரித்தாள். உள்ளங்கையில் அந்தச் சின்ன வட்டத்தை வைத்து ராமலிங்கத்திடம் நீட்டினாள். பிறகு கையைத் திருப்பி சந்திரமோகனிடம் நீட்டினாள்.

"அண்ணா, நீங்களே எடுத்துக்கோங்க. அக்கா, சுத்தியல் இருக்குதா?"

மேசை திருகாணி தட்டுகிற சுத்தியல் இருந்தது. சந்திரமோகன் தயங்கினார். ராமலிங்கம் தலையசைத்தார். வில்லையைச் சிமென்ட் தரையில் வைத்து, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு போடு போட்டார் சந்திரமோகன். வில்லை எகிறிக் குதித்துப் போய் ராமலிங்கத்தின் செருப்பருகே விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"பிளாஸ்திக்," என்றார். "நாலாவது விதி பொருந்தாது. இன்னும் இருவத்திரெண்டு நிமிஷம் இருக்குது."

லென்ஸ் போட்டு வைக்கிற குட்டி டப்பாவில் சரிதா ரெண்டு வில்லை உபரியாகக் கொண்டு வந்திருந்தாள். ஒன்றை எடுத்துத் தேய்த்தாள், பூணைத் துடைத்துப் பசை வைத்தாள், அழுத்தினாள். கிளப் முழுக்கச் சுற்றி நின்று அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது. மங்கலாக இருந்த வில்லை நடுவிலிருந்து தெளிந்துகொண்டே வந்தது. ஓரத்தில் ஒரு இடம் மட்டும் தெளியவில்லை. கடுகு அளவுக்கு வெள்ளை.

"அது ஒண்ணும் பண்ணாதுடி. நேரம் போவுது," என்றாள் வேம்பு அக்கா.

ஒன்றும் பண்ணாமலும் இருக்கலாம். போன வருஷமும் ஒன்றும் பண்ணாது என்றுதான் நினைத்திருந்தாள். பதினைந்து நிமிஷம் மிச்சமிருந்தது. சரிதா பிளேடை எடுத்து அந்த வில்லையையும் அறுத்துத் தள்ளினாள். வேம்பு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

டப்பாவில் இருந்தது இனி ஒன்றுதான். பூணை மறுபடி ராவி, மூச்சுக்கூட விடாமல் பசையை வைத்தாள். அழுத்திய கட்டைவிரலை எடுக்காமல் நூறு வரை எண்ணினாள். விரலை எடுத்தபோது வில்லை முழுசாகத் தெளிந்திருந்தது. கீழே பூணில் இருந்த பழைய கீறல்கூட அதன் வழியே தெரிந்தது. மேல்பக்கத்தைத் தேய்த்துத் தோலை ஒட்டி, விளிம்பைச் சமம் பண்ணி, வழுக்காமல் இருக்க சாக்பீஸ் தூள் தடவியபோது ராமலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம்," என்றார்.

முதல் அடி சந்திரமோகனுக்கு விழுந்தது. அவர் நன்றாகவே ஆடினார், ஆறு பந்தை வரிசையாக இறக்கிவிட்டு ஏழாவதில் கோட்டை விட்டார். அவருடைய அந்த ஒரு பந்து மேசை விளிம்பின் ரப்பர்க் குஷன் ஓரமாக நின்றது. சரிதா வந்தாள். முதல் ரெண்டு பந்தைப் பயந்து பயந்து தொட்டாள். மூன்றாவதில் பயம் போய்விட்டது. ஏழையும் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது மேசையில் கறுப்பு எட்டும் சந்திரமோகனின் ஒற்றைப் பந்தும் வெள்ளையும் மட்டும் இருந்தன.

எட்டு போகிற நேர் வழியில் சந்திரமோகனின் பந்து மறித்து நின்றது. வழி ரெண்டுதான். வெள்ளையை மெல்லத் தட்டி எங்காவது ஒளித்துவிட்டு, அவர் தப்புப் பண்ணக் காத்திருக்கலாம். அல்லது எட்டை எதிர்க் குஷன் வரைக்கும் விரட்டி, அது மோதித் திரும்பி, இந்தப் பக்க மூலைக் குழிக்கு ஓடி வரும்படி அடிக்க வேண்டும். மேசை நீளத்துக்குப் போய்த் திரும்புகிற பந்து அது, தட்டிக் கொடுத்தால் வராது. போன வருஷம் அடித்ததைவிட ஓங்கி அடிக்க வேண்டும். ஒட்டிக் கால் மணிகூட ஆகாத டிப்.

வேம்பு அக்கா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். சரிதா பார்த்தாள், தலையைத் திருப்பிக்கொண்டாள். ஒளிந்து ஆடுவதானால் அந்தக் கோணல் ஸ்டிக்கிலேயே ஆடியிருக்கலாம். கடுகு வெள்ளையைக்கூட விடாமல் அறுத்துப் போட்டது இந்த ஒரு அடிக்காகத்தான். இதை அடிக்காமல் வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது.

"எட்டு, இந்த மூலை," என்று ஸ்டிக்கால் குழியைக் காட்டினாள். குனிந்தாள். ஓங்கி அடித்தாள்.

கிளப்பில் பாதிப் பேர் பந்தைப் பார்க்கவில்லை, டிப் எங்கே போகிறது என்றுதான் பார்த்தார்கள். சரிதாவும் பந்தைப் பார்க்கவில்லை. எட்டு எதிர்க் குஷனில் மோதிய சத்தம் கேட்டது, திரும்பி உருண்டு வருகிற சத்தம் கேட்டது, அவள் கண் மட்டும் ஸ்டிக்கின் நுனியிலேயே இருந்தது. தோல் இருந்தது. அதன் அடியில் மெல்லிசாக ஒரு கோடு விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. பிறகு குழிக்குள் பந்து விழுகிற சத்தம் அவள் இடுப்புக்குப் பக்கத்திலேயே கேட்டது.

ராமலிங்கம் தாளில் அவள் பெயரை எழுதி அடிக்கோடு போட்டார். வேம்பு அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். சரிதாவுக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை ஹெல்மெட் இல்லாததால் எல்லாரும் பார்த்தார்கள், அவளும் மறைக்கவில்லை.

சந்திரமோகன் வந்து கை கொடுத்தார். கையை விடாமல் அவள் ஸ்டிக்கின் நுனியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். சுத்தியலால் அடித்தவர் பார்க்கிற பார்வை அது, கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

"என் ஸ்டிக்குக்கும் ஒண்ணு வெச்சிக் குடும்மா, இந்தக் கண்ணாடிய."

"அண்ணா, பிளாஸ்டிக்."

"ஆமா, அதான் நானும் சொல்றேன்," என்றார் சந்திரமோகன். "பிளாஸ்டிக் கண்ணாடி."